அளவு எடுக்கிறவர்களுக்கு, நகரியிலிருந்து ஒரு தையல்காரியின் மடல்

இந்தியாவில் தேசிய அளவில் அழகிப் போட்டி நடத்துகிற நிர்வாகத்தினருக்கும், மாநிலத் தேர்வுகளில் நடுவராக உட்காருகிற பெரியவர்களுக்கும்,

வணக்கம்.

ஆந்திராவில், திருத்தணிக்கு அடுத்தாற்போல் இருக்கும் நகரியிலிருந்து எழுதுகிறேன். இருபத்தாறு வருடமாகத் தையல் தொழில். ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம், கல்யாணப் பெண்ணுக்கு ஆரி வேலை ஜாக்கெட், பழைய சேலையை வெட்டிக் குழந்தைக்குத் தைக்கிற கவுன் என்று எது வந்தாலும் தைப்பேன். எங்கள் ஊர்த் தெருவில் எங்கே நின்றாலும் பவர்லூம் ஓடுகிற சத்தம் கேட்கும். கரண்ட் போனால்தான் ஊர் அமைதியாகும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் மிஷின் மிதித்தே என் பிள்ளைகள் இரண்டு பேரையும் படிக்க வைத்தேன்.

நாங்கள் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. கடைக்கு வருகிறவர் எதைப் பேசுகிறாரோ, அது. 1953இல் ஆந்திரா தனி மாநிலமானபோது சித்தூர் மாவட்டம் அதோடு சேர்ந்தது. எல்லைக்காகப் பெரிய போராட்டம் நடந்து, 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது. நகரியும் புத்தூரும் இந்தப் பக்கமே நின்றுவிட்டன. அதனால் இங்கே எங்களை ‘அரவம்’, அதாவது தமிழ்க்காரங்க, என்பார்கள். திருத்தணி தாண்டிப் போனால் தெலுங்குக்காரங்க என்பார்கள். பழகிவிட்டது. ஆனால் போட்டி விண்ணப்பத்தில் ‘மாநிலம்’ என்று ஒரு கட்டம் வைத்திருந்தார்கள். அதை நிரப்பத் தெரியாமல் ஒரு பெண் என் கடைத் திண்ணையில் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அரைமணி நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை. அவளுக்காகத்தான் இந்த மடல்.

எதிர் வீட்டுப் பெண். பெயர் எழுதப் போவதில்லை. அப்பா கூலிக்குப் பவர்லூம் ஓட்டுகிறவர், அம்மா தறிக்கு நூலைத் தாரில் சுற்றுவாள். என்னை அத்தை என்று கூப்பிடுவாள். 2018 ஜூனில் திருச்சியைச் சேர்ந்த அனுகீர்த்தி வாஸ் இந்திய அழகிப் பட்டம் வாங்கினார் அல்லவா, சென்னை லயோலா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பெண், அம்மா ஒருத்தியாக நின்று வளர்த்த பிள்ளை. செய்தி வந்த அன்றைக்கு இவள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். “அத்தை, இவங்க நம்மள மாதிரியே இருக்காங்க பாருங்க” என்றாள். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. நல்ல உயரம், எங்கள் ஊர் வெயில் கொடுத்த கறுப்பு, பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். நானும் போய்ப் பார் என்றேன்.

போட்டி என்றால் அந்தப் போட்டியின் கதையைக் கேட்பார்கள் என்று இரண்டு பேருமே நம்பினோம். லாங் சைஸ் நோட்டு ஒன்று வாங்கினோம். ராத்திரி மிஷினை மூடிய பிறகு அவள் போனில் தேடித் தேடிப் படிப்பாள், நான் சொல்லச் சொல்ல எழுதுவாள். வருடம், பெயர், ஊர், பிறகு என்ன ஆனார் என்று நான்கு பத்தி. நாற்பது பக்கம் ஆனது. அந்த நோட்டு இப்போது என் பக்கத்தில்தான் இருக்கிறது. அதிலிருந்துதான் உங்களிடம் பேசப்போகிறேன்.

முதல் பக்கத்தில் 1947. சுதந்திரம் வந்த வருடம். அந்த வருடத்து மிஸ் இந்தியா, பிரமிளா என்று சினிமாவில் பெயர் பெற்ற எஸ்தர் விக்டோரியா ஆபிரகாம். கல்கத்தாவில் பாக்தாதி யூதக் குடும்பத்தில் பிறந்தவர். சினிமாவில் நடித்தார், பிறகு சொந்தமாகப் படம் தயாரித்தார். பட்டம் வாங்கும்போது முப்பது வயது. கல்யாணம் ஆனவர், பிள்ளைகள் பெற்றவர், அந்தச் சமயம் வயிற்றிலும் ஒரு குழந்தை இருந்தது என்றுதான் அவரைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். இருபது வருடம் கழித்து, 1967இல், அவர் மகள் நகி ஜஹானும் ஈவ்ஸ் வீக்லி பத்திரிகை நடத்திய போட்டியில் மிஸ் இந்தியா ஆனார். அம்மாவும் மகளும் ஒரே பட்டம். இதை எழுதும்போது அந்தப் பெண் பேனாவை நிறுத்தி, “அத்தை, அப்போ கல்யாணம் ஆனவங்களும் போகலாமா?” என்று கேட்டாள். அப்போது போக முடிந்திருக்கிறது என்றேன்.

இரண்டாவது பக்கம் இந்திராணி ரஹ்மான். 1952. இவர் பிறந்தது நம் சென்னையில், 1930இல். அம்மா ராகினி தேவி அமெரிக்காவில் பிறந்து, இந்திய நாட்டியத்தின் மேல் உள்ள ஆசையால் இங்கே வந்து தங்கி ஆடியவர். இந்திராணி பந்தநல்லூர் பாணியில் சொக்கலிங்கம் பிள்ளையிடம் பரதம் கற்றார், கோராடா நரசிம்மராவிடம் கூச்சிப்பூடி கற்றார். ஒடிசியும் ஆடினார். கட்டடக் கலைஞர் ஹபீப் ரஹ்மானைச் சின்ன வயதிலேயே கல்யாணம் செய்துகொண்டார். 1952இல் மிஸ் யூனிவர்ஸ் என்கிற பிரபஞ்ச அழகிப் போட்டி முதன்முதலாக நடந்தது, கலிபோர்னியாவில் லாங் பீச் என்ற ஊரில். இந்தியாவுக்காகப் போனவர் இவர். வீட்டில் ஆறு வயது மகள் இருந்தாள். பட்டம் பின்லாந்துப் பெண்ணுக்குப் போனது, போகட்டும். ஆந்திராவில் ஒரு கிராமத்து ஆட்டமாக இருந்த கூச்சிப்பூடியை வெளிநாட்டு மேடைகளுக்குக் கொண்டுபோனவர்களில் இவர் முக்கியமானவர். 1969இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தமிழ்நாட்டு ஆட்டம் ஒன்று, ஆந்திர ஆட்டம் ஒன்று, இரண்டும் ஒரே உடம்பில். எல்லையில் இருக்கிற எங்களுக்கு இவர் எவ்வளவு வேண்டியவர் என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மூன்றாவது பக்கத்தில்தான் நாங்கள் இரண்டு பேரும் சத்தம் போட்டுச் சிரித்தோம், சந்தோஷத்தில். லீலா நாயுடு. பம்பாயில் பிறந்தவர்தான், ஆனால் அப்பா டாக்டர் பட்டிபாடி ராமய்யா நாயுடு எங்கள் பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளிக்காரர். பாரிஸில் மேரி கியூரியிடம் வேலை பார்த்த விஞ்ஞானி. அம்மா வெளிநாட்டுக்காரர். மதனப்பள்ளி என்றால் எங்களுக்குத் தக்காளி மார்க்கெட்தான் ஞாபகம் வரும், அப்புறம் 1919இல் தாகூர் வந்து தங்கி ஜன கண மன பாட்டை ஆங்கிலத்தில் எழுதிய காலேஜ். அந்த ஊர்க்காரர் மகள் மிஸ் இந்தியாவா என்று அவள் எழுந்து நின்றே கேட்டாள்.

ஆனால் இந்த இடத்தில் உங்கள் மேல் எனக்கு முதல் குறை வந்தது. பல இடங்களில் இவரை 1954ஆம் வருடத்து ‘ஃபெமினா மிஸ் இந்தியா’ என்று போட்டிருக்கிறார்கள். ஃபெமினா பத்திரிகை பிறந்ததே 1959இல். அது போட்டி நடத்தத் தொடங்கியது 1964இல், முதல் பட்டம் மெஹர் காஸ்டெலினோவுக்கு. அப்படியானால் 1954இல் நடந்தது யார் நடத்திய போட்டி? 1940இல் பிறந்தவர் அப்போது பதினான்கு வயதுப் பிள்ளை. அந்த வயதுப் பிள்ளைக்கு எந்த விதியின்படி பட்டம் கொடுத்தார்கள்? இதைச் சரியாக எழுதி வைக்க வேண்டியது யார்? கல்யாண ஜாக்கெட்டுக்குக்கூட நான் அளவு நோட்டில் தேதியும் பெயரும் போட்டு வைக்கிறேன். பத்து வருடம் கழித்து வந்து கேட்டாலும் எடுத்துக் காட்டுவேன். நாட்டின் பெயரைச் சூட்டிப் பெண்களை உலகத்துக்கு அனுப்புகிற நீங்கள் எழுபது வருடக் கணக்கை இப்படி விட்டு வைக்கலாமா?

அறுபதுகளில் இரண்டு பெண்கள் பத்திரிகைகள் தனித்தனியாகப் போட்டி நடத்தின. ஃபெமினா ஒன்று, ஈவ்ஸ் வீக்லி ஒன்று. ஈவ்ஸ் வீக்லி வழியாக 1966இல் லண்டன் போனவர் ரீட்டா ஃபாரியா. பம்பாய் கிராண்ட் மெடிக்கல் காலேஜில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தவர். கட்டியது இரவல் சேலை. நீச்சல் உடையும் இரவல்தான். அது அளவுக்குப் பொருந்தவில்லை, கையில் இருந்த மூன்று பவுண்டில் அங்கே போய் வேறு வாங்கிக்கொண்டதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அப்படிப் போனவர்தான் ஆசியாவிலிருந்து முதல் உலக அழகி. அதன் பிறகு பாப் ஹோப் என்ற அமெரிக்க நகைச்சுவை நடிகரின் கூட்டத்தோடு வியட்நாமில் அமெரிக்கப் படைக்கு முன்னால் மேடையேறியதற்கு இங்கே பெரிய எதிர்ப்பு வந்தது. அவரோ சினிமா பக்கமே போகாமல் லண்டன் கிங்ஸ் காலேஜில் சேர்ந்து டாக்டர் படிப்பை முடித்தார். எங்கள் நோட்டில் ‘பிறகு என்ன ஆனார்’ என்ற பத்தியில் ‘டாக்டர்’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறாள். கீழே இரண்டு கோடு.

இரவல் துணி என்றதும் நினைவு வருகிறது. 1994 ஜனவரியில் கோவாவில் நடந்த மிஸ் இந்தியா இறுதிப் போட்டிக்கு சுஷ்மிதா சென் போட்டுக்கொண்ட கவுனை யார் தைத்தது தெரியுமா உங்களுக்கு? டெல்லி சரோஜினி நகர் மார்க்கெட்டில் துணி வாங்கி, அவர்கள் வீட்டுக்குக் கீழே உள்பாவாடை தைத்துக்கொண்டிருந்த தையல்காரரிடம் கொடுத்துத் தைத்தார்கள். மிச்சம் விழுந்த துணியில் அம்மா பூ செய்து வைத்தார். புது சாக்ஸை வெட்டிக் கையுறை. இதை சுஷ்மிதாவே பல தடவை சொல்லியிருக்கிறார். முதல் தடவை கேட்டபோது நான் அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. பாவாடை தைக்கிற கை அந்த மேடை வரைக்கும் போயிருக்கிறது. அந்தத் தையல்காரர் பெயரை நீங்கள் எங்காவது எழுதி வைத்திருக்க வேண்டும்.

அந்தப் போட்டியில் சுஷ்மிதாவும் ஐஸ்வர்யா ராயும் சமமாக வந்துவிட்டார்கள். முடிவுக்காக ஆளுக்கு ஒரு கேள்வி. ஐஸ்வர்யாவிடம், கணவரைத் தேடுவதானால் இரண்டு வெளிநாட்டு டிவி தொடர்களின் நாயகர்களில் யாரைப் போல் இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். சுஷ்மிதாவிடம், உன் நாட்டின் நெசவுப் பாரம்பரியம் பற்றி என்ன தெரியும், அது எவ்வளவு காலமாக இருக்கிறது, உனக்கு எதை உடுத்தப் பிடிக்கும் என்று கேட்டார்கள். எல்லாம் மகாத்மா காந்தியின் கதரிலிருந்து தொடங்கியது என்று சொல்லி, அவர் ஜெயித்தார். அதே வருடம் மே மாதம் மணிலாவில் பிரபஞ்ச அழகி. நவம்பரில் ஐஸ்வர்யா உலக அழகி.

நெசவு ஊரில் வாழ்கிற எனக்கு இந்தக் கேள்வி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாட்டின் அழகியைத் தீர்மானித்த கேள்வி எங்கள் தொழிலைப் பற்றிய கேள்வி. பதினெட்டு வயதுப் பெண், விளக்கு வெளிச்சத்தில் நின்று சொன்ன பதில். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கதர் பெரிய விஷயம். ஆனால் துணி இந்த நாட்டில் அங்கே தொடங்கவில்லை. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கோட்டை கட்டி உட்கார்ந்ததே இந்தக் கரையின் துணிக்காகத்தான். எங்கள் ஊரிலிருந்து காலையில் பஸ் ஏறினால் ஸ்ரீகாளஹஸ்திக்குப் போய் ராத்திரிக்குள் திரும்பலாம். அங்கே கலம்காரி போடுகிறவர்களின் வாசலில் போய் நின்று பாருங்கள். துணியைக் கடுக்காய்ப் பொடியும் பாலும் கலந்த தண்ணீரில் முக்கிக் காயவைப்பார்கள். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் பல நாள் ஊறப்போட்டு எடுத்த தண்ணீர்தான் கறுப்பு மை. மூங்கில் குச்சியின் நுனியில் துணி சுற்றி, அதைப் பஞ்சு மாதிரி அமுக்கி அமுக்கிக் கோடு இழுப்பார்கள். குச்சி துணியில் பட்டதும் கோடு வெளிறித்தான் தெரியும். பார்த்துக்கொண்டே இருக்கும்போது கறுத்துக்கொண்டு வரும். ராமாயணம் முழுக்க அப்படிக் கறுத்து வருகிறதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போனேன். இந்தக் கேள்வியை மறுபடி ஒருநாள் யாராவது கேட்டால் அவள் பதில் சொல்லட்டும் என்று.

1996ஐயும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை நோட்டில் எழுதலாமா வேண்டாமா என்று எங்களுக்குள் விவாதம் நடந்தது. பெங்களூரில் உலக அழகிப் போட்டி நடந்த வருடம். விவசாய சங்கத்தினர், பெண்கள் அமைப்புகள், கட்சிக்காரர்கள் என்று பல பக்கமும் எதிர்ப்பு. நீச்சல் உடைச் சுற்றை செஷல்ஸ் தீவுக்குக் கொண்டுபோனார்கள். மதுரையில் ஓர் இளைஞர் தீக்குளித்து இறந்துபோனார். எதிர்த்தவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காக எதிர்க்கவில்லை. பண்பாடு கெடுகிறது என்றவர்களும் உண்டு, பெண்ணைச் சரக்காக்குகிறார்கள் என்றவர்களும் உண்டு. இரண்டாவது கேள்வி இன்னும் அப்படியேதான் நிற்கிறது என்று நான் நினைக்கிறேன். உலக அழகிப் போட்டியே 2015 முதல் நீச்சல் உடைச் சுற்றை எடுத்துவிட்டது. கத்தியவர்கள் கத்தியது வீண் போகவில்லை. எழுது என்றேன், எழுதினாள்.

சரி, தேர்வுக்கு வருகிறேன். எந்தப் போட்டி, எந்த ஊர், எந்த வருடம் என்று சொல்ல மாட்டேன். ஒருவர் மேல் பழி போட இதை நான் எழுதவில்லை.

கவுன் நான்தான் தைத்தேன். புத்தூரில் வாங்கிய மெரூன் சாட்டின், மூன்றே முக்கால் மீட்டர். சாட்டின் உடம்பில் ஒட்டும், வியர்த்தால் அசிங்கமாகத் தெரியும், அதனால் உள்ளே காட்டன் லைனிங் கொடுத்தேன். அந்தக் காட்டன் அவள் அப்பா ஓட்டிய தறியில் வந்தது. முதலாளியிடம் கேட்டு வாங்கி, நூலுக்கும் கூலிக்கும் காசு கொடுத்துவிட்டுத் தானே தூக்கிக்கொண்டு வந்து, “இதை உள்ள வெச்சித் தெச்சிடுங்கம்மா” என்று கொடுத்துவிட்டுப் போனார். வெளியே யாருக்கும் தெரியாத இடத்தில் அப்பாவின் துணி.

வாசலிலேயே உயரம் அளந்தார்கள். ஐந்தடி ஐந்தங்குலம் வேண்டும் என்றார்கள், அவள் இருந்தாள். மாநிலம் என்ற கட்டத்தில் ஆந்திரா என்று எழுதியிருந்தாள். தாய்மொழி தமிழ் என்று பார்த்துவிட்டு, “அப்போ நீ எந்த ஊர்ப் பொண்ணு?” என்று மேஜையில் இருந்தவர் கேட்டார். நகரி என்றாள். அது எங்கே என்றார். உள்ளே போனதும் உன்னைப் பற்றிச் சொல் என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். தெலுங்கிலோ தமிழிலோ சொல்லட்டுமா, நன்றாகச் சொல்வேன் என்று கேட்டாள். முடியாது, எல்லோருக்கும் ஒரே விதி என்றார்கள். அவளுக்கு ஆங்கிலம் வரும், ஆனால் மெதுவாக வரும், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைப்பாள். இரண்டு நிமிடத்துக்குள் போதும் என்றுவிட்டார்கள். வெளியே வரும்போது ஒரு பெண்மணி, நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், தோளில் கைவைத்து, “கலருக்குக் கொஞ்சம் ட்ரீட்மென்ட் எடுத்துட்டு அடுத்த வருஷம் வாம்மா” என்றாராம்.

நாற்பது பக்க நோட்டிலிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை.

அடுத்த நாள் காலையில் ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனில் இறங்கி நேராக என் கடைக்கு வந்தாள். கவுனை மடித்த மடிப்புக் கலையாமல் பையோடு வைத்தாள். “யாருக்காவது ஆகும்னா குடுத்துடுங்க அத்தை” என்றாள். அவ்வளவுதான். தறிச் சத்தத்தில் மேற்கொண்டு ஏதாவது சொன்னாளா என்றுகூட எனக்குக் கேட்கவில்லை.

2019இல் இறுதிச் சுற்றுக்கு வந்த முப்பது பெண்களின் படங்களைப் பேப்பரில் ஒரே பக்கத்தில் போட்டார்கள். அந்தப் பக்கம் நாடு முழுக்கச் சுற்றியது. எல்லோருக்கும் ஒரே நிறம், ஒரே தலைமுடி, அச்சு வார்த்த மாதிரி. மாநிலத்துக்கு ஒருத்தி என்று டெல்லியையும் சேர்த்து முப்பது பெண்களை நிறுத்துவதற்காகத்தானே 2017இல் போட்டியின் அமைப்பையே மாற்றினீர்கள்? அந்தப் பெண்கள் தவறு செய்யவில்லை, அவர்கள் ஒவ்வொருவரும் அழகுதான். விளக்கும் பவுடரும் கம்ப்யூட்டரும் சேர்ந்து முப்பது ஊரையும் அழித்துவிட்டன. இருபத்தாறு வருடத்தில் எத்தனை ஆயிரம் உடம்புக்கு அளவு எடுத்திருப்பேன் என்று கணக்கு இல்லை. இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூட ஒரே அளவில் ஜாக்கெட் வெட்ட முடியாது. ஒருத்திக்கு வலது தோள் ஒரு நூல் இறங்கியிருக்கும்.

அளவை நீங்கள் மாற்றியே வந்திருக்கிறீர்கள் என்பதுதான் அந்த நோட்டு எனக்குச் சொன்ன விஷயம். 1947இல் பிள்ளை பெற்றவள் அழகி. 1952இல் ஆறு வயது மகளின் அம்மா அழகி. 1954இல் பதினான்கு வயதுச் சிறுமி அழகி. அப்புறம் எப்போதோ கல்யாணம் ஆனவள் வரக் கூடாது என்று ஆனது, அம்மா ஆனவள் வரக் கூடாது என்று ஆனது. உக்ரைனில் 2018இல் பட்டம் வாங்கிய பெண்ணுக்கு மகன் இருக்கிறான் என்று தெரிந்ததும் சில நாளிலேயே பட்டத்தைப் பிடுங்கினார்கள், அவர் கோர்ட்டுக்குப் போனார். 2023 முதல் மிஸ் யூனிவர்ஸ் போட்டியில் கல்யாணம் ஆனவர்களும் தாய்மார்களும் வரலாம் என்றார்கள். அந்த வருடமே குவாதமாலாவிலிருந்தும் கொலம்பியாவிலிருந்தும் கல்யாணமாகிக் குழந்தை பெற்ற பெண்கள் மேடையில் நடந்தார்கள். 2024 முதல் வயது உச்சவரம்பும் போய்விட்டது. உலக அழகி பக்கம் இன்னும் கதவு திறக்கவில்லை.

2017இல் மானுஷி சில்லர் உலக அழகி ஆனபோது அவரிடம் கேட்ட கடைசிக் கேள்வி ஞாபகம் இருக்கிறதா? உலகத்திலேயே அதிகச் சம்பளம் கொடுக்க வேண்டிய வேலை எது என்று கேட்டார்கள். அம்மாவாக இருப்பது என்றார் அவர். சம்பளம் காசாக இருக்க வேண்டியதில்லை, அன்பும் மரியாதையுமாக இருக்கலாம் என்றார். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். அந்தப் பதிலுக்கு முடி சூட்டிய மேடையில் ஓர் அம்மாவுக்கு நிற்க இடம் இல்லை. இது எனக்குத் தாங்கவில்லை ஐயா. தயவுசெய்து இதை மாற்றுங்கள். வெளிநாட்டு அமைப்பின் விதி என்று சொல்லாதீர்கள். உங்கள் போட்டி உங்கள் கையில் இருக்கிறது. அந்த அமைப்புக்குக் கடிதம் எழுதுகிற உரிமையும் மரியாதையும் உங்களுக்கு இருக்கிறது, ஆறு உலக அழகிகளைக் கொடுத்த நாடு இது.

பாஷையைப் பற்றியும் கேட்கிறேன். பிரபஞ்ச அழகிப் போட்டியில் ஸ்பானிஷ் பேசுகிற பெண்கள் மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொந்த பாஷையில் பதில் சொல்லி ஜெயித்திருக்கிறார்கள். உலக மேடையில் நடக்கிறது, நம் ஊர்த் தேர்வு அறையில் நடக்கக் கூடாதா? தெலுங்கு தெரிந்த ஒருவர், தமிழ் தெரிந்த ஒருவர், கன்னடம் தெரிந்த ஒருவர் அந்த அறையில் உட்கார்ந்தால் போதும். எங்கள் பெண்ணின் பேச்சைத் தெலுங்கில் கேட்டால் தமிழ் வாடை அடிக்கும், தமிழில் கேட்டால் தெலுங்கு ராகம் வரும். அதுதான் எங்கள் ஊர். மாநிலத்துக்கு ஒருத்தி என்று பிரித்தது நல்ல எண்ணம்தான். ஆனால் எல்லையில் பிறந்தவளை எந்தப் பக்கம் என்று அடையாளம் கேட்டு நிற்கவைக்காதீர்கள். அவள் எங்கே வாழ்கிறாளோ, அந்த ஊருக்காக நிற்கிறாள்.

2025 மே மாதம் ஹைதராபாத்தில் உலக அழகிப் போட்டி நடந்தபோது, வந்திருந்த பெண்களைத் தெலங்கானாவின் போச்சம்பள்ளி நெசவைப் பார்க்க அழைத்துப் போனார்கள். தறிக்கு முன்னால் அவர்கள் நிற்கிற படத்தைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை அழைப்பாக எடுத்துக்கொண்டு நானும் அழைக்கிறேன். தேர்வுகளைப் பெரிய நகரத்து ஓட்டல்களில் மட்டும் வைக்காதீர்கள். எங்கள் பக்கம் வாருங்கள், கல்யாண மண்டபம் இருக்கிறது, கல்லூரிகள் இருக்கின்றன. வரும்போது 1947இலிருந்து இன்றுவரை யார், எந்த ஊர், யார் நடத்தினார்கள், என்ன விதி என்று ஒழுங்காக எழுதிய புத்தகம் ஒன்று கொண்டுவாருங்கள். எங்கள் நாற்பது பக்கத்தையும் தருகிறேன், தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது இருபத்தாறு வயது. கல்யாணம் ஆகிவிட்டது, நல்ல பையன். இரண்டு வயதில் மகள் இருக்கிறாள். பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள், அந்தப் பிள்ளைகள் அவளை ‘டீச்சரம்மா’ என்று சுற்றிச் சுற்றி வருகின்றன. போன வாரம் ஜாக்கெட் கொடுக்க வந்தவளிடம், மறுபடி வாய்ப்பு வந்தால் போவாயா என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. மகளை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, “கவுன் இன்னும் இருக்கா அத்தை?” என்று கேட்டாள்.

இருக்கிறது. யாருக்கும் கொடுக்கவில்லை. இடுப்பில் இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம், கீழே மூன்று அங்குலம் உள்ளே விட்டுத்தான் தைத்திருக்கிறேன், லைனிங்கிலும் அப்படியே. பிரித்துத் தைக்க எனக்கு ஒரு மத்தியானம் போதும். எந்தத் தேதி, எந்த ஊர் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நகரி தையல்காரி ஒருத்தி